இரு கரை நத்தை

மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி இருந்தது. எந்த ராஜாவும் வெட்டிய ஏரி அல்ல. அதனால் எந்த ராஜாவின் பெயரும் அதற்கு இல்லை. மலை என்றைக்கு உண்டானதோ அன்றைக்கே ஏரியும் உண்டானது என்று இரண்டு கரைக்காரர்களும் சொல்வார்கள். அவர்கள் ஒத்துப்போகிற ஒரே சங்கதி அதுதான்.

கீழ்க்கரை முழுக்கப் பாறை. மேற்கேயிருந்து வீசும் காற்று அலையைக் கொண்டுவந்து அங்கேதான் அறையும். மேல்கரையில் நாணலும் சேறும். கீழ்க்கரைக்காரர்கள் தினை விதைத்தார்கள், மீன் தொட மாட்டார்கள். மேல்கரைக்காரர்கள் மீன் பிடித்தார்கள், மீன் அகப்படாத நாளில் நத்தையை வேகவைத்துத் தின்றார்கள். "நத்தை தின்னிகள்" என்று கீழ்க்கரையில் யாராவது திட்டினால் அவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கீழ்க்கரைப் பாறைமேல் பெண்கள் மடம் ஒன்று இருந்தது. கோடை கடைசியில், மழை வருவதற்குள் மடத்துக்கு வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பு விலைக்கு வாங்குவதில்லை. கரையில் ஒதுங்கிய காலி நத்தைக்கூடுகளைப் பொறுக்கி, காளவாயில் சுட்டு, மடத்துப் பெண்களே நீற்றிக்கொள்வார்கள். ஒவ்வொரு கூட்டையும் உள்ளங்கையில் தட்டி, வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். உள்ளே உயிர் இருந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். அது மடத்து வழக்கம்.

குரு உமையாள். சிஷ்யை செங்கமலம். வேடிக்கை என்னவென்றால், சிஷ்யை குருவைவிட மூத்தவள். குருவுக்கு அம்மா வயது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். செங்கமலம் உமையாளை "அம்மா" என்பாள். உமையாள் செங்கமலத்தை "அக்கா" என்பாள். புதிதாக வந்தவர்கள் இதில் யார் குரு என்று தெரியாமல் இரண்டு பேர் காலிலும் விழுந்து வைப்பார்கள்.

மடத்துக்கு வருமுன் செங்கமலம் மருத்துவச்சி. கீழ்க்கரையில் நடமாடுகிறவர்களில் பாதிப்பேர் அவள் கையில் விழுந்தவர்கள். கூடு பிரிக்க உட்காரும்போது அந்தக் கதைகள் தானாக வரும். அன்றைக்கும் வந்தது. வரப்புத் தகராறில் தன்னைக் கெட்ட வார்த்தையில் ஏசினவன் வீட்டுக்கே பிரசவம் பார்க்கப் போன கதை.

"அவன் பொண்டாட்டி உங்களைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கலையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போடி பைத்தியக்காரி. வலி எடுத்தவ மூஞ்சியைப் பாப்பாளா? கையைத்தான் தேடுவா. நாம செய்யவேண்டியது ஒண்ணுதான். முழங்கை வரைக்கும் கழுவிட்டு உள்ள போகணும்."

பெண்கள் சிரித்தார்கள். கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த உமையாளும் சிரித்தாள்.

செங்கமலம் பேசினாலும் கை நிற்காது. அவளுக்கு முன்னால் இரண்டு குவியல். பெரியது பாறை நத்தையின் கூடு: தடித்தது, வரிவரியாக மேடு ஓடுவது. சின்னது அக்கரை நாணல் நத்தையின் கூடு: மெல்லியது, வழவழப்பானது. காலியானபின் மேல்காற்றில் மிதந்து இந்தப் பக்கம் வந்து ஒதுங்கும். பெரிய குவியல் காளவாய்க்குப் போகும். சின்னதைக் குப்பையில் கொட்டிவிடுவாள்.

"அக்கரைக் கூடு வெந்தா சாம்பல் பூத்துப்போகும். சுவரு வெளுக்காது" என்பாள். சுட்டுப் பார்த்தீர்களா என்று அவளிடம் கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அப்போதுதான் கீழே பாறை ஓரம் ஒரு தோணி வந்து நின்றது. இறங்கினவன் சேந்தன், அக்கரை மீன்காரன். செங்கமலத்தின் ஒரே மகள் தையல், அம்மா பேச்சை மீறி, கட்டிக்கொண்டவன். அவள் தோணியேறிப் போன வருஷம்தான் செங்கமலம் மடத்துக்கு வந்தாள். பற்று அறுந்துவிட்டது என்று சொன்னாள். அறுந்ததா, அறுத்துக்கொண்டதா என்று உமையாள் அப்போது கேட்கவில்லை.

சேந்தன் படியேறவில்லை. மீன் வாடையோடு மடத்துக்குள் வரக் கூடாது என்று அவனாகவே நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"அத்தே, தையலுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. எங்க கரையில இருந்த மருத்துவச்சி எப்பவோ தவறிட்டாங்க. வேற ஆளு இல்ல. உங்களை வரச் சொன்னா."

செங்கமலம் திரும்பவில்லை. ஒரு கூட்டை எடுத்துத் தட்டினாள், ஊதினாள், குவியலில் போட்டாள்.

சேந்தன் நின்றான். பிறகு, "முதல் பிள்ளைதான் தங்கல" என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதனால்தான் அது அதிகமாக உறைத்தது. தோணியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அதன்பிறகு செங்கமலத்தின் கை எடுத்த கூடெல்லாம் தப்பான குவியலில் விழுந்தது.

மாலையில் உமையாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செங்கமலம் வந்து எதிரே உட்கார்ந்தாள். கேட்காமலே பாதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கக்கா."

"இந்த ஏரியில நத்தை ஏன் கரைக்கு ஒரு சாதியா இருக்கு? நம்ம பாறையில வரி வரியா இருக்கு. அக்கரையில வழவழன்னு இருக்கு. யுகயுகமா ஒரே தண்ணியிலதான கிடக்குது. இது அங்க போகல, அது இங்க வரல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கேள்வி. உமையாள் பூசணிக்காயைப் பார்க்காததுபோல இருந்தாள்.

"ஏன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"நடுவுல ஆழம் இருக்கு. கடவுள் போட்ட எல்லை. அதுக்கு இந்தப் பக்கம் உள்ளது இந்தப் பக்கம், அந்தப் பக்கம் உள்ளது அந்தப் பக்கம். தாண்டுனா உருப்படாது."

"யாரு?"

"நத்தைதான்."

"நானும் நத்தையைத்தான் கேட்டேன்."

செங்கமலம் தானாகவே வாயைத் திறந்தாள்.

"இப்ப நான் போனா ஊரு என்ன சொல்லும்? மருமகன் ஆகாது, பேரப்பிள்ளை மட்டும் ஆகுமா? ஆடு பகை குட்டி உறவான்னு சிரிக்காதா? எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவ நான். மறுபடியும் அந்தச் சேத்துல காலை வைக்கவா? நீங்க போன்னு சொன்னா போறேன். போகாதேன்னு சொன்னா இருக்கேன்."

"நீங்க நத்தையைப் பத்தித்தான கேட்டீங்க?"

"ஆமா."

"எனக்குத் தெரியாதுக்கா. கரை ரெண்டையும் பாத்திருக்கேன். நடுவுல என்ன இருக்குன்னு பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"விடிஞ்சதும் பாத்துட்டு வருவோம். எப்படியும் காளவாய்க்குக் கூடு பத்தல."

செங்கமலத்துக்கு எரிச்சலாக வந்தது. போ, போகாதே இரண்டில் ஒரு சொல்லைச் சொன்னால் பாவமோ புண்ணியமோ குரு தலையில் விழும். அவள் அன்றிரவு நன்றாகத் தூங்கவில்லை.

விடிந்ததும் மடத்துத் தோணியில் கிளம்பினார்கள். கிணற்று வாளியும், மாட்டுக்கயிற்றையெல்லாம் முடிபோட்டு நீட்டிய வடமும் எடுத்துக்கொண்டார்கள். துடுப்பு உமையாள் கையில். அவள் எத்தனையோ படித்தவள்; தோணி மட்டும் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. கிளம்பிய இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது.

"ஒரே பக்கமா போட்டா சுத்தாம என்ன செய்யும்? இப்படிக் குடுங்க" என்று செங்கமலம் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். யாருடைய கையில் துடுப்பு இருக்க வேண்டுமோ அவள் கைக்கு அது வந்து சேர்ந்துவிட்டது என்பதை அவள் கவனிக்கவில்லை.

பாறைக்குப் பக்கத்தில் முதல் வாளி இறங்கியது. வாளியில் ஒரு கல்லைக் கட்டி, அடியில் இழுத்து மேலே தூக்கினார்கள். வந்த சேற்றைச் செங்கமலம் அலசினாள். உயிருள்ளவற்றை உடனே தண்ணீரில் விட்டாள். யாரும் சொல்லத் தேவையில்லை, கை பழகிய வேலை. காலிக் கூட்டில் ஒன்றைத் தோணியின் குறுக்குப் பலகையில் வைத்தாள்.

"அப்படியே வரிசையா வச்சுட்டு வாங்கக்கா" என்றாள் உமையாள்.

முதல் கூட்டில் வரி மஞ்சள் கிழங்கின் வளையம் மாதிரி தடித்து நின்றது.

கொஞ்சம் தள்ளிப் போய் அடுத்த வாளி. வரி இருந்தது. இன்னும் தள்ளிப் போய் இன்னொன்று. வரி இருந்தது, ஆனால் பலகையில் முதலில் வைத்ததற்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் மெலிந்த மாதிரி தெரிந்தது. செங்கமலம் அதைக் கவனித்தாள்.

நடு ஏரியில் வடம் முழுக்க இறங்கியது. கடைசி முழம் கையில் நிற்கும்போது அடி தட்டியது.

"இங்க ஒண்ணும் இருக்காது. இதுதான் எல்லை" என்றாள் செங்கமலம்.

வாளி வந்தது. கருஞ்சேறு, பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. அவள் கையை விட்டு அலசினாள். விரலில் ஒன்று தட்டுப்பட்டது. இன்னொன்று. பிறகு வாளி அடியில் ஒரு கொத்து.

நடு ஏரியில் நத்தை இருந்தது. நிறைய இருந்தது.

கூட்டில் வரி இல்லை என்று நினைத்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை. நகத்தால் வருடினால் மட்டும் லேசாகத் தட்டியது. அவள் திரும்பத் திரும்ப வருடிக்கொண்டே இருந்தாள்.

உயிருள்ளவற்றைத் திருப்பி விடும்போது ஒன்றின்மேல் அவள் பார்வை நின்றது. கூட்டின் வாயை அடைக்கும் மூடியை ஒதுக்கிக்கொண்டு அது மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கடுகளவு ஒன்று, கூட்டோடு, அப்போதுதான் வெளியே வந்திருந்தது.

"இது பெத்துக்கிட்டு இருக்கு" என்றாள் செங்கமலம். குரல் மாறிவிட்டது. மடத்தில் இல்லாத, பழைய குரல். "இன்னும் உள்ள இருக்கு. இப்பப் போய் தூக்கிப் போடக் கூடாது. அந்தத் தண்ணி இறைக்கிற கொட்டாங்கச்சியை எடுங்க. தண்ணி மோந்து குடுங்க. மெதுவா!"

குரு மெதுவாக மோந்து கொடுத்தாள்.

தோணி மேற்கே போனது. வாளி இறங்கி ஏறியது. நகத்துக்குத் தட்டிய வரி இப்போது நகத்துக்கும் தட்டவில்லை. கடைசியாக நாணல் ஓரம் வந்தபோது கையில் கிடைத்த கூடு புளியங்கொட்டைபோல வழவழவென்றிருந்தது. அதையும் பலகையில் வைத்தாள். பலகை நிறைந்துவிட்டது.

"சரிக்கா" என்றாள் உமையாள். "இதுல காளவாய்க்கு எது, குப்பைக்கு எது? பிரிச்சு வைங்க."

சின்ன வேலை. ஒவ்வொரு கோடையிலும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. செங்கமலம் இந்தக் கோடியிலிருந்து முதல் கூட்டை எடுத்தாள், காளவாய்க்கு என்று ஒதுக்கினாள். அடுத்ததையும் ஒதுக்கினாள். அதற்கடுத்ததை எடுத்தாள். அது முன்னதைப் போலத்தான் இருந்தது. அதற்கடுத்ததும் அதற்கு முன்னதைப் போலத்தான் இருந்தது.

இப்படிப் போனால் எல்லாமே காளவாய்க்குப் போய்விடும். அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். குப்பைக்கு ஒன்று. அதைப் போலவே இன்னொன்று. இப்படி வந்தால் தன் பாறைக் கூடும் குப்பைக்குத்தான் போகும். கை நடுவில் நின்றுவிட்டது.

"எங்கயோ ஒரு இடத்துல மாறியிருக்கணும்மா" என்றாள்.

"இருக்கணும்."

"எனக்குத் தெரியல."

உமையாள் கொட்டாங்கச்சியை அவள் முன்னால் நகர்த்தினாள். தாய் நத்தை அடங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிக் கடுகுகள் தண்ணீருக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"இந்தக் குட்டி எந்தக் கரைக்கா?"

செங்கமலம் குனிந்து பார்த்தாள். அவளுக்கு நல்ல கண். ஆனாலும் கடுகில் வரி இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்ல முடியும்?

அப்போதுதான் நாணலுக்கு அந்தப்பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பல்லைக் கடித்து அடக்கி, அடக்க முடியாமல் எழுந்த குரல். செங்கமலம் நிமிர்ந்தாள். வலி எந்த மட்டில் இருக்கிறது என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். இது முற்றிய வலி. தலை இறங்கிவிட்டது. அது யார் குரல் என்றும் அவளுக்குத் தெரியும். அந்தத் தொண்டை முதன்முதலாக அழுததே அவள் மடியில்தான்.

நாணலை விலக்கிக்கொண்டு சேந்தன் தண்ணீருக்குள் வந்தான். தோணியைப் பார்த்தான். கூப்பிடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றான். நேற்றும் படியேறாமல் அப்படித்தான் நின்றான்.

செங்கமலம் எழுந்திருக்கவில்லை. குனிந்து கொட்டாங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தாயையும் குட்டியையும் நடுவுல கொண்டுபோய் விடணும்" என்றாள். "எடுத்த இடத்துலதான் விடணும். வழக்கம்."

"நான் திரும்பிப் போறப்ப விட்டுடறேன்."

உமையாள் "நாம" என்று சொல்லாததைச் செங்கமலம் கவனித்தாள்.

"உங்களுக்குத் தோணி விடத் தெரியாது."

"சுத்திச் சுத்திப் போய்ச் சேருவேன்."

மறுபடியும் அந்தக் குரல். இந்தத் தடவை அதில் "அம்மா" இருந்தது. எல்லோரும் வலியில் "அம்மா" என்றுதான் கத்துவார்கள். செங்கமலம் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறாள். இது அப்படி அல்ல, அவளையே கூப்பிட்டது.

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மடத்துக்கு வந்ததிலிருந்து யாரும் பார்த்திராத நீர்.

"ஊரு சிரிக்கும்னு சொன்னதெல்லாம் பொய்ம்மா" என்றாள். "பற்று அறுந்துச்சுன்னு சொன்னதும் பொய். போன தடவையும் ஆள் அனுப்புனா. அப்பவும் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஊரு பிள்ளையையெல்லாம் எடுத்தவ நான். என் மக பிள்ளையை எடுக்க ஆளில்லாமப் போச்சு. இப்ப என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ முன்னால போய் நிப்பேன்?"

உமையாள் பலகையிலிருந்த கூடுகளை இரண்டு கையாலும் வழித்து, எதையும் பிரிக்காமல் கூடையில் போட்டாள்.

"வலி எடுத்தவ மூஞ்சியைப் பாப்பாளா, அக்கா?"

செங்கமலம் தோணியின் விளிம்பில் சாய்ந்து, சேறு அப்பிய கைகளைத் தண்ணீருக்குள் விட்டாள். நகக்கண்ணைச் சுரண்டினாள். விரலிடுக்கைத் தேய்த்தாள். பிறகு முழங்கை வரைக்கும் கழுவினாள்.